சடைக் கம்பளத்தின் நாற்றமும் நம் சரக்கின் மதிப்பும்

தேயிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் சோப்புப் பெட்டியை அடுக்கும் மளிகை வணிகர் நம்மில் ஒருவரும் இருக்க மாட்டார். தேயிலையும் காப்பித்தூளும் மாவு வகைகளும் அருகிலுள்ள வாசனையை இழுத்துக்கொள்ளும் என்பது, தொழிலுக்கு வந்த முதல் மாதத்திலேயே பெரியவர்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். பினாயில் ஓர் அலமாரி, பெருங்காயம் வேறோர் அலமாரி என்று பிரித்து வைக்கிறோம். ஆனால் இன்று பல கடைகளின் உள் அறையில், தரையிலேயே ஒரு நாற்றக் கிடங்கு விரிந்து கிடக்கிறது. அதுதான் நீண்ட முடி வைத்த கம்பளம். விற்பவர்கள் 'ஷாகி' என்பார்கள். நாம் சடைக் கம்பளம் என்றே சொல்லுவோம்.

முன்பு மண்டிகளில் திண்டும் ஜமுக்காளமும்தான் இருந்தன. ஜமுக்காளம் தட்டையான நெசவு. உதறினால் தூசு போகும்; துவைத்துக் கொடியில் போட்டால் நல்ல வெயிலில் மாலைக்குள் காய்ந்துவிடும். இப்போது குளிர்சாதன அறை, சோபா, அதன் முன்னே சடைக் கம்பளம் என்று வசதி வளர்ந்திருக்கிறது. வளரட்டும், தவறில்லை. ஆனால் அந்தச் சடைக்குள் இறங்குவது என்ன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கால் வியர்வை, மழை நாளின் ஈரம், சிந்திய பாலும் தேநீரும், பருப்புத் தூசு, எண்ணெய்க் கை, இவற்றோடு எலிக்காக வளர்க்கும் பூனையின் உபயமும் சேர்ந்துகொள்கிறது.

உள்ளே வந்து அமரும் வாடிக்கையாளர் நாற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல மாட்டார். 'பிறகு வருகிறேன்' என்று எழுந்து போய்விடுவார். இந்த நட்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

நாற்றம் இருக்கும் இடம்

சடைக் கம்பளத்தின் நாற்றம் மேலே தெரியும் முடியில் இருப்பதில்லை. முடியின் வேரிலும் அடித்துணியிலும்தான் இருக்கிறது. மேலே வாசனைத் திரவியம் தெளிப்பவருக்கு ஒரு நாற்றத்துக்குப் பதில் இரண்டு நாற்றம் கிடைக்கும். மேலோட்டமாகத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது அதைவிட மோசம். அழுக்கு கரைந்து அடியில் இறங்கும். ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சை பிடிக்கும். நனைந்த பொருள் 24 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் முழுவதும் உலர வேண்டும் என்பது பூஞ்சையைத் தடுக்கும் பொது விதி. ஆட்டு உரோமமோ தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் கைக்கு உலர்ந்ததுபோலவே தோன்றும். எனவே தொட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

பூனை சிறுநீரின் கதை தனி. அது காய்ந்ததும் அதிலுள்ள யூரிக் அமிலம் நீரில் எளிதில் கரையாத படிகமாகத் தங்கிவிடும். கோடையில் நாற்றம் அடங்கியதுபோல் இருக்கும். ஐப்பசி மழை தொடங்கியதும் மறுபடி கிளம்பும். 'போன மாதம்தானே கழுவினோம்' என்று திகைப்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

கறை எங்கே என்று கண்டுபிடிக்க நம் கல்லாவிலேயே கருவி உண்டு. கள்ள நோட்டுப் பார்க்கும் புறஊதா விளக்கை எடுத்து, அறையை இருட்டாக்கி, கம்பளத்தின் மேலே பிடித்துப் பாருங்கள். பழைய சிறுநீர்க் கறை பெரும்பாலும் மங்கிய மஞ்சளாக ஒளிரும். சலவைத் தூள் பட்ட இடம் நீல வெண்மையாக ஒளிரக்கூடும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலில் நூல் எது என்று பாருங்கள்

சரக்கின் ரகம் தெரியாமல் விலை சொல்லுவோமா? அதேபோல் நூல் தெரியாமல் சலவைக்குக் கொடுக்கக் கூடாது. ஓரத்திலிருந்து நாலு முடியைப் பிடுங்கி, சாக்கும் அட்டையும் இல்லாத வெளியிடத்தில், இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். தலைமுடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் ஆட்டு உரோமம். உருகிக் கெட்டியான மணியாக உறைந்தால் பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை. காகிதம் எரியும் வாடை வந்தால் பருத்தி அல்லது விஸ்கோஸ்.

உரோமத்துக்கு வாஷிங் சோடாவும் பிளீச்சிங் பவுடரும் ஆகாது, இழையையே அரித்துவிடும். செயற்கை இழை தண்ணீருக்கு அஞ்சாது, ஆனால் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் வணிகர்களின் அறையில் காறல் வாடை போகாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். விஸ்கோஸ் நனைந்தால் வலுவிழக்கும். அதை அனுபவமுள்ள கையில்தான் கொடுக்க வேண்டும். அடித்துணி சணலாக இருந்தால், அதிகம் நனையும்போது சணலின் பழுப்புச் சாயம் மேலே ஏறி முடியைக் கறையாக்கும்.

தொழில்முறைச் சலவை எப்படி நடக்க வேண்டும்?

நல்ல சலவைக்காரர் எடுத்த எடுப்பில் தண்ணீர் விட மாட்டார். முதலில் கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டு, முதுகில் தட்டித் தூசை உதிர்ப்பார். இதற்கென்றே அதிரும் இயந்திரங்கள் உண்டு. அழுக்கில் பெரும்பங்கு காய்ந்த மண்ணும் தூசுமே. அதை உதிர்க்காமல் நனைத்தால் சேறாகிவிடும்.

அடுத்தது கறைக்கு ஏற்ற மருந்து. சிறுநீருக்கும் பாலுக்கும் நொதிக் கரைசல் ஊற்றி, அது வேலை செய்யப் போதிய நேரம் விடுவார். பிறகு முழுக் குளியல். நாற்றமெடுத்த சடைக் கம்பளத்தைப் பெரும்பாலும் பட்டறைக்கு எடுத்துப்போய், வேர் வரை தண்ணீர் ஓடும்படி அலசித்தான் ஆக வேண்டும். வீட்டுக்கே வந்து 'நீராவிச் சலவை' செய்கிறோம் என்பவர்களின் இயந்திரம் பொதுவாகச் சுடுநீரைப் பீய்ச்சி உறிஞ்சுவதுதான். குட்டை முடிக் கம்பளத்துக்கு அது நல்ல முறையே. நீள முடியில் வேர் வரை எட்டுவது அரிது. சுழலும் தூரிகையோ சடையில் சுற்றிச் சிக்கிக்கொள்ளும்.

அலசியபின் சுழல் இயந்திரத்தில் நீரைப் பிழிந்து, தொங்கவிட்டு, விசிறியாலும் ஈரம் உறிஞ்சும் கருவியாலும் உலர்த்தி, கடைசியில் சீப்பால் வாரிவிடுவார்கள். இத்தனையிலும் தலையாயது உலர்த்தல்தான். கழுவத் தெரிந்தவர்கள் பலர். உலர்த்த இடமும் கருவியும் வைத்திருப்பவர்கள் சிலரே. கூலியில் நாம் கொடுப்பது பெரும்பாலும் உலர்த்தலுக்கான விலை என்று கொள்ளலாம்.

கிரேக்க நாட்டு மலைப்பகுதிகளில் 'ஃப்ளோகாட்டி' என்ற சடைக் கம்பளம் நெய்கிறார்கள். நெய்து முடித்ததும் மலையருவி நீர் சுழன்று விழும் தொட்டியில் போட்டுத்தான் அதன் உரோமத்தை மலரச் செய்வது மரபு. ஆக, சடைக்கு நீர் பகையல்ல. தேங்கும் நீரே பகை.

கொடுக்குமுன் கேட்க வேண்டிய ஐந்து

1. நூலையும் அடித்துணியையும் பார்த்துவிட்டுத்தான் கூலி சொல்கிறாரா, பாராமலே சதுர அடிக் கணக்குச் சொல்கிறாரா?

2. உதிர்க்கும் வேலை உண்டா?

3. எங்கே, எப்படி, எத்தனை மணி நேரத்தில் உலர்த்துகிறார்? மொட்டை மாடி மட்டும் என்றால் மழைக்காலத்தில் கொடுக்க வேண்டாம்.

4. நாற்றம் திரும்பினால் மறுபடி செய்து தருவாரா? அதை ரசீதில் எழுதுவாரா?

5. சாயம் இறங்குமா என்று ஓரத்தில் ஈர வெள்ளைத் துணி வைத்துச் சோதித்தாரா?

நம் தெருவில் ஒரு வணிகர், கூலி குறைவு என்று கொடுத்த கம்பளம் மூன்றாம் நாள் ஊதுபத்தி மணத்தோடு திரும்பி வந்தது. ஒரு வாரத்தில் ஈரச்சாக்கு நாற்றம் அறையை நிறைத்தது. திரும்பப் பெறும்போது முதுகைப் பிரித்து முகர்ந்து பார்த்து வாங்குவது, மிளகாய் மூட்டையில் கைவிட்டு அடியிலிருந்து மாதிரி எடுப்பதற்குச் சமம்.

நாமே செய்யக்கூடியது

சிந்திய உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்; தேய்க்காதீர்கள். பாலுக்குச் சுடுநீர் கூடாது, கறை இறுகிவிடும். இலேசான புளிப்பு வாடைக்குச் சமையல் சோடாவைக் காய்ந்த நிலையில் தூவி, இரவு முழுதும் விட்டு, காலையில் உறிஞ்சி எடுக்கலாம். வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தட்டுவது நூறு மருந்துக்குச் சமம். பிளீச்சிங் பவுடரோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். சிறுநீர்க் கறையின் மேல் பிளீச்சிங் பவுடர் தூவுவதும் அதேபோல் ஆபத்து. கடைப் பையன்களிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கோதுமையை அழிக்கும் கப்ரா வண்டும், உரோமக் கம்பளத்தைத் தின்னும் கம்பள வண்டும் ஒரே குடும்பம். கம்பள வண்டு இனங்களில் சில தானியத்திலும் மாவிலும் வாழ வல்லவை. அறையில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் கம்பளம், கிட்டங்கிக்கே பூச்சி அனுப்பும் நாற்றங்காலாகலாம்.

எப்போது கைவிடுவது?

தூக்கினால் அடியிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்கிறதா? அடித்துணியை ஒட்டிய பசை மக்கிவிட்டது என்று பொருள். எந்தச் சலவையும் அதை மீட்காது. சலவைக் கூலி புதுக் கம்பளத்தின் விலையில் பாதியைத் தாண்டினால், செயற்கை இழைக் கம்பளத்துக்கு அந்தச் செலவு ஆகாது. நல்ல உரோமக் கம்பளமானால் பலமுறை சலவை தாங்கும். அதற்குச் செய்யும் செலவு வீணாகாது.

புரட்டாசி வெயில் இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. மழை பிடித்தபின் கொடுத்தால் கூலியும் போகும், கம்பளமும் போகும். அதுவரை தேயிலையும் மாவும் அந்த அறையின் சுவரை ஒட்டி அடுக்கப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சரக்கு அறைக்கும் அமரும் அறைக்கும் ஒரே கதவு என்றால், கம்பளத்தைச் சுருட்டி வைத்துவிட்டு ஒரு ஜமுக்காளத்தை விரிப்பதே மேல். அழகு கொஞ்சம் குறையலாம். சரக்கின் மணம் குறையாது.