கோவில்பட்டியில் 90 வருஷத்துப் பழைய வீடு விலைக்கு வருதா? அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

"1930-கள்ல கட்டின வீடு. தேக்கு உத்திரம், காரைச் சுவர், வாசல்ல ரெண்டு வேப்பமரம். 4 சென்ட், 40 லட்சம். ஸ்டேஷனுக்கு நடந்தே போயிடலாம்."

இப்படி ஒரு மெசேஜ் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல வந்திருக்கும். நீங்க சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலை பார்க்கிறீங்க. "ஊர்ல ஒரு வீடு இருக்கட்டும்ப்பா"ன்னு அப்பா சொல்றார். அதே பணத்துக்குச் சென்னையில ஒரு பெட்ரூம் ஃப்ளாட் கிடைக்கிறதே கஷ்டம், அதனால விலை குறைவாத்தான் தெரியும். ஆனா இந்த வீட்டுக்கு ஒரு விலை இல்லை, மூணு விலை இருக்கு. விக்கிறவர் சொல்றது ஒண்ணு, அரசோட வழிகாட்டி மதிப்பு ஒண்ணு, பேங்க் வேல்யூவர் எழுதுறது ஒண்ணு. இந்த மூணுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை உங்க கைக்காசு வச்சுத்தான் நிரப்பணும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இது உதாரணம் மட்டும்தான், உங்க தெரு நிலவரத்துக்கு எண்களை மாத்திக்கோங்க. விலை 40 லட்சம். வேல்யூவர் மனைக்கு மட்டும் மதிப்புப் போட்டு, கட்டடத்துக்குப் பெருசா எதுவும் போடாம 30 லட்சம்னு எழுதுறார். பழைய கட்டடத்துக்கு இது சகஜம். அதுல 80% கடன்னா 24 லட்சம். மீதி 16 லட்சம் உங்களோடது. பத்திரச் செலவு, முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, மொத்தம் 9%. 40 லட்சத்துக்கு 3.6 லட்சம். இதைப் பொதுவா பேங்க் கடன்ல சேர்க்க மாட்டாங்க. ஓடு, வயரிங், பாத்ரூம்னு ரிப்பேர் 6 லட்சம்னு வைங்க.

கூட்டிப் பாருங்க. கடன் 24 லட்சம், கைக்காசு 25.6 லட்சம். கடனை விடக் கைக்காசு ஜாஸ்தி! 8.5% வட்டியில 20 வருஷத்துக்கு இஎம்ஐ சுமார் 20,800 ரூபாய். வட்டி மட்டுமே கிட்டத்தட்ட 26 லட்சம் வரும். நீங்க புது வரி முறையில இருந்தா, சொந்தமா குடியிருக்கிற வீட்டுக் கடன் வட்டிக்கு வரிச் சலுகையும் கிடையாது.

"வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுட்டு மிச்சத்தைக் கையில குடுத்துருங்க"ன்னு புரோக்கர் சொல்வார். முத்திரைத் தீர்வைல கொஞ்சம் மிச்சம் ஆகிற மாதிரி தெரியும். ஆனா கடன் குறையும், நாளைக்கு நீங்க விக்கும்போது லாபம் பெருசாக் காட்டி வரி கூடும். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா விக்கிறவருக்கே அதே அளவு அபராதம் வரலாம். ஒத்துக்காதீங்க.

கரிசல் மண்ணும் வேப்பமரமும்

இப்போ வீட்டுக்குள்ள போவோம். கரிசல் மண் தண்ணி குடிச்சா உப்பும், காய்ஞ்சா சுருங்கி வெடிக்கும். மண்ணோட சேர்ந்து அஸ்திவாரமும் வருஷா வருஷம் ஏறி இறங்கும். பழைய ஆளுங்க சுண்ணாம்புக் காரையில கட்டினது இதுக்கு ஓரளவு தோது. காரை கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும், சிமென்ட் அந்த அளவுக்குக் கொடுக்காது. அதனாலதான் 90 வருஷம் நிக்குது. அதே சுவர்ல யாராவது சிமென்ட் பூச்சு பூசியிருந்தா ஈரம் உள்ளயே தங்கி, காரை உதிர ஆரம்பிக்கும். தட்டிப் பாருங்க, பொத்துப் பொத்துன்னு சத்தம் வந்தா பூச்சு விட்டுப் போச்சுன்னு அர்த்தம்.

வீட்டை ரெண்டு தடவை பாருங்க. சித்திரையில ஒரு தடவை, மழை பெய்ஞ்சு முடியிற கார்த்திகையில ஒரு தடவை. கோடையில விரிசல் வாய் பிளந்து நிக்கும், மழையில கதவு ஜன்னல் இறுகும். கோடையில விரிஞ்சு மழையில மூடிக்கிற விரிசல் மண்ணோட மூச்சு மாதிரி, சமாளிக்கலாம். மூடாம வருஷா வருஷம் அகலமாகிறது, செங்கல் வரிசையில படிக்கட்டு மாதிரி சாய்வா ஏறுறது, இதெல்லாம் வேற கதை. அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதுன்னா, அந்த ஏரியாவை நல்லாத் தெரிஞ்ச ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிட்டுப் போங்க. 40 லட்சத்துக்கு முன்னாடி அவர் ஃபீஸ் ஒண்ணுமே இல்லை.

அந்த ரெண்டு வேப்பமரம்? நிழல் அருமைதான், ஆனா சுவரை ஒட்டி இருந்தா வேர் ஈரத்தை உறிஞ்சி அந்தப் பக்கத்து மண்ணை மட்டும் சுருக்கும். பயந்துபோய் வாங்கின மறுநாளே வெட்டிடாதீங்க. திடீர்னு வெட்டினா அதே மண் திரும்ப உப்பி, வேற இடத்துல விரிசல் விடலாம். ஒழுகுற குழாயும், சுவர் ஓரத்துல வெளியேறுற குளியல் தண்ணியும் இதே வேலையைத்தான் செய்யும்.

மேல மெட்ராஸ் டெரஸ் தளம்னா உத்திரத்தோட முனை சுவருக்குள்ள போற இடத்தை ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. நடுவுல இரும்பு மாதிரி இருக்கிற மரம் முனையில கரையானுக்கு இரையாகியிருக்கும். "மேல ஒரு மாடி எடுத்துக்கலாம்"கிற ஆசை இருந்தா, இந்தச் சுவர் மேல வேண்டாம்.

யார் யார் கையெழுத்துப் போடணும்?

மும்பையில இந்த வயசுக் கூட்டுறவுக் குடியிருப்புகள் இருக்கு. காம்தேவியில இருக்கிற சாரஸ்வத் சங்கம் 1915-லயே ஆரம்பிச்சது. அங்க நீங்க பெரும்பாலும் வாங்குறது சங்கத்தோட பங்கை. சங்கத்து ஆபீஸ்ல பங்குப் பத்திரம் உங்க பேருக்கு மாறணும். கோவில்பட்டியில அந்தச் சங்கம் குடும்பம்தான். அதுக்கு செக்ரட்டரியும் கிடையாது, மினிட்ஸ் புக்கும் கிடையாது.

90 வருஷ வீடுன்னா மூணு, நாலு தலைமுறை. வாரிசுச் சான்று ஒவ்வொரு தலைமுறைக்கும் கேளுங்க. பட்டா அண்ணன் பேர்ல இருக்குன்னு விட்டுடாதீங்க. பூர்வீகச் சொத்துல மகள்களுக்கும் சம உரிமைன்னு 2005-ல மத்தியச் சட்டம் வந்தது, அப்பா அப்போ உயிரோட இல்லைன்னாலும் அந்த உரிமை உண்டுன்னு 2020-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. "அக்காவுக்கு நகை போட்டாச்சு, அவங்க கேக்க மாட்டாங்க"ங்கிற பேச்சு செல்லாது. அக்கா பத்திர ஆபீசுக்கு வரணும், இல்லைன்னா பதிவு பண்ணின விடுதலைப் பத்திரம் இருக்கணும்.

ஈசியை ஆன்லைன்ல எடுத்ததோட நிறுத்தாதீங்க. அதுக்கு முந்தின காலத்துக்குச் சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு கொடுத்துத் தேடச் சொல்லுங்க. அதுல பழைய கூட்டுறவு வீட்டுக் கடன் அடமானம் ஏதாவது இருந்தா, அடைச்சதுக்கான ரசீதுப் பத்திரம் பதிவாகியிருக்கான்னு பாருங்க. கடன் முடிஞ்சு அந்த ரசீது மட்டும் பதிவாகாம விட்டுப்போன வீடுகள் உண்டு.

ஈசியில தெரியாத ஒண்ணு ஒத்தி. நம்ம பக்கம் வெறும் ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி, பல லட்சம் வாங்கிட்டு வாடகை இல்லாமக் குடியிருக்க விடுறது சாதாரணம். பதிவாகலைன்னா ஈசியில வராது. அதனால குடியிருக்கிறவங்ககிட்ட நேரா பேசுங்க: "நீங்க வாடகையா, ஒத்தியா, எவ்வளவு கொடுத்திருக்கீங்க?" அந்தத் தொகையை விலையில கழிச்சு, அவங்க காலி பண்ற அன்னைக்கு அவங்க கையிலயே கொடுக்கிற மாதிரி கிரய ஒப்பந்தத்துல எழுதிக்கோங்க. அட்வான்சை செக்காவே கொடுங்க, எல்லா வாரிசும் அந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்ட பிறகு.