கிளாடியோலஸ்: பூவும் கிழங்கும்

மலர் என்றால் முதலில் அதை மூக்கருகே கொண்டு செல்வது நம் நாட்டார் வழக்கம். கிளாடியோலஸ் அந்தச் சோதனையில் தேறாது. அதற்கு மணம் இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆயினும் நீண்ட தண்டில் பத்துப் பதினைந்து அரும்புகள் அடுக்கடுக்காய் நின்று, கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாய் விரியும் அழகுக்காகவே டில்லி, கொல்கத்தா, பெங்களூரு மலர்க்கடைகளில் அதற்குத் தனி இடம் உண்டு. இலையின் வடிவம் வாள் போன்றது. வாளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே பெயரும் பிறந்தது. ஐரிஸ் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி, காஷ்மீரத்துக் குங்குமப்பூவுக்கு உறவு. இன்று தோட்டங்களில் காணும் வகைகளின் மூதாதைகள் பெரும்பாலும் தென் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை.

இதை வளர்ப்போரிடம் ஒரு குறை அடிக்கடி கேட்கிறோம். முதலாண்டு செழிப்பாகப் பூத்ததாம். மறு ஆண்டு தண்டு மெலிந்ததாம். மூன்றாம் ஆண்டு வெறும் இலைதானாம். கிழங்கை விற்றவரை நோவார் சிலர், மண்ணை நோவார் சிலர். பல வேளைகளில் காரணம் பூவைக் கொய்யும் கத்தியில்தான் இருக்கிறது.

நாம் நடும் கிழங்கு வேறு, பருவ முடிவில் தோண்டி எடுக்கும் கிழங்கு வேறு என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். நட்ட கிழங்கு தன்னிடமுள்ள உணவை முளைக்கும் பூவுக்கும் கொடுத்துவிட்டுச் சுருங்கி மடிகிறது. அதன் தலைமேலேயே புதிய கிழங்கு ஒன்று உருவாகிறது. அதைப் பருக்க வைப்பவை இலைகள். பூந்தண்டை நீளமாகப் பெறும் ஆசையால் தரையோடு அறுத்துவிட்டால் இலைகளும் போய்விடும். புதுக் கிழங்கு பட்டினி கிடக்கும். ஆகவே பூவைக் கொய்யும்போது செடியில் நான்கு இலைகளாவது நிற்க வேண்டும்.

நடவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வட இந்தியச் சமவெளிகளில் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும், மலைப் பகுதிகளில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் நடுவார்கள். நல்ல வெயில், நீர் தேங்காத மண், 4 அல்லது 5 செ.மீ. குறுக்களவுள்ள கிழங்கு, ஏறத்தாழ 4 அங்குல ஆழம், இவை போதும். ஐந்தாறு இலை விட்டதும் மண் அணைத்தால் செடி சாயாது. வகையைப் பொறுத்து இரண்டு முதல் மூன்றரை மாதங்களில் பூக்கும். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மீரா, பூனம், நஸ்ரானா போன்றவை நம் நாட்டு வகைகள்.

அடி அரும்பு ஒன்றிரண்டு நிறம் காட்டியதும் தண்டைக் கொய்யலாம். மற்றவை நீரிலேயே மலரும். கொய்ததைப் படுக்க வைத்தால் நுனி வானை நோக்கி வளைந்துவிடும். நிறுத்தியே வைக்க வேண்டும். புளோரைடு மிகுந்த நீர் இதழோரங்களைக் கருகச் செய்யும். அத்தகைய ஊர்களில் ஜாடிக்கு மழைநீர் நல்லது.

பூ முடிந்தபின் செடியை மறந்துவிடுவோர் பலர். கிழங்கு பருக்கும் காலமே அதுதான். மேலும் ஆறு முதல் எட்டு வாரங்கள் நீர் பாய்ச்சி வந்து, இலை மஞ்சளானதும் நீரை நிறுத்திக் கிழங்கைத் தோண்ட வேண்டும். நிழலில் உலர்த்தி, அடியில் ஒட்டியுள்ள பழைய கிழங்கின் சக்கையை நீக்கி, காற்றோட்டமான வலைப்பைகளில் வைக்கலாம். தோண்டிய உடனே நட்டால் முளைக்காது. அதற்கு ஓர் உறக்கக் காலம் உண்டு. குளிர்பதனக் கிடங்கில் 4, 5 டிகிரி செல்சியஸில் சுமார் மூன்று மாதம் வைத்தெடுத்தால் ஒருசீராய் முளைக்கும்.

சேமிப்பில் மாதம் ஒருமுறையேனும் கிழங்குகளைத் தடவிப் பார்ப்பது நலம். மெத்தென்று அமுங்குவதும், பழுப்புப் புள்ளி கண்டதும் பியூசேரியம் என்னும் பூசணத்தால் கெட்டதாக இருக்கலாம். அவற்றை எருக்குழியில் போடாமல் எரித்துவிடுக. அந்தப் பூசணம் மண்ணில் பல்லாண்டு தங்குமாதலால், நோய் கண்ட பாத்தியில் மீண்டும் கிளாடியோலஸ் வேண்டாம். நடுமுன் எஞ்சியவற்றைப் பூசணக்கொல்லிக் கரைசலில் அரைமணி நேரம் ஊறவைப்பது வழக்கம்.

கிழங்கைச் சுற்றிப் பட்டாணி போல் ஒட்டியிருக்கும் குட்டிகளை எறிந்துவிட வேண்டாம். அவற்றின் ஓடு கடினம். ஒரு நாள் நீரில் ஊறவைத்து நெருக்கமாக விதைத்தால் எளிதில் முளைக்கும். பூக்க இரண்டு மூன்று பருவங்கள் ஆகும். அதுவரை இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.