வெயிலில் படம் அச்சிட எந்தப் பிலிம் நல்லது?

இடம்பெயர்வுகளில் அல்பங்களை இழந்த பல வீடுகளில், பழைய நெகற்றிவ் ஒன்றிரண்டு மட்டும் எஞ்சியிருக்கும். அவற்றை வீட்டிலேயே அச்சிட ஒரு வழி சயனோடைப். 1842இல் ஜோன் ஹேர்ஷல் கண்டுபிடித்த முறை இது. இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாளில் நெகற்றிவை வைத்து, வெயிலில் காட்டி, தண்ணீரில் கழுவினால் நீலநிறப் படம் கிடைக்கும்.

ஆனால் இருக்கும் ஒரே நெகற்றிவில் பழகக்கூடாது. முதலில் புதிய பிலிமில் பழகுங்கள். அதைத் தெரிவுசெய்கையில் மூன்று விடயங்கள் முக்கியம்.

முதலாவது, அளவு. நெகற்றிவ் எவ்வளவோ படமும் அவ்வளவே. 35 மில்லிமீற்றர் பிலிம் மிகச் சிறியது. 4x5 அங்குலத் தாள் பிலிம் உகந்தது. இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ் அந்த அளவில் வருகிறது.

இரண்டாவது, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு. அது குறைந்தால் படம் மங்கும். டெவலப்பரில் கூடுதல் நேரம் வைத்தால் வேறுபாடு கூடும்.

மூன்றாவது, சில பிலிம்களின் அடித்தளம் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். படமில்லாத, கழுவிய துண்டொன்றை வெயிலில் சோதியுங்கள்.

கை பழகியபின் பழைய நெகற்றிவை எடுங்கள். தாள் முற்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இடையில் மெல்லிய, நிறமற்ற பிளாஸ்ரிக் தாளும் இருக்கட்டும். ஈரம் பட்டால் அந்த முகம் திரும்பக் கிடைக்காது.