தொடாமலே அறிய வேண்டிய கட்டி

பையனுக்கு மூக்கில் ரத்தம் வந்தால் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு, "சில்லுமூக்கு உடைஞ்சிருக்கு, உடம்புச் சூடு" என்பதுதான். பெரும்பாலும் அதில் பயப்பட எதுவும் இருக்காது. மூக்கின் முன்பகுதியில் வலைபோலப் படர்ந்திருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் காய்ந்தோ கீறுபட்டோ கசியும். மூக்கின் மென்பகுதியைச் சிறிது நேரம் இறுக்கிப் பிடித்தால் நின்றுவிடும்.

ஆனால் 12, 15 வயதுப் பையனுக்கு எந்நேரமும் ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்திருக்கிறது, அதே பக்கத்திலிருந்து வலியே இல்லாமல் அடிக்கடி ரத்தம் கொட்டுகிறது என்றால், காது-மூக்கு-தொண்டை மருத்துவரின் மனத்தில் ஓர் அரிய நோயின் பெயர் வந்துபோகும். அதுதான் ஜுவனைல் ஆஞ்சியோஃபைப்ரோமா: ரத்தக்குழாய்களும் நார்த்திசுவும் பின்னிப் பிணைந்து வளர்ந்த கட்டி. ஏறக்குறைய ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே, அதுவும் பெரும்பாலும் பருவ வயதில் வருகிறது. தலை, கழுத்துப் பகுதியில் வரும் கட்டிகளில் இதன் பங்கு 0.5 சதவீதத்தைத் தாண்டாது.

இது புற்றுநோய் அல்ல. உடலின் வேறு உறுப்புகளுக்குப் பரவாது. ஆனாலும் சாதுவான கட்டி என்று சொல்லிவிட முடியாது. மூக்கின் பின்கோடியில், பக்கச்சுவரில், ஸ்ஃபீனோபாலடைன் துளை என்ற ஒரு சிறு வாசல் உண்டு. மூக்குக்கு ரத்தம் கொண்டுவரும் முக்கியமான தமனி நுழைவது அதன் வழியாகத்தான். கட்டி முளைப்பது அந்த வாசலை ஒட்டிய இடத்தில். அங்கிருந்து இடம் கண்ட பக்கமெல்லாம் கிளைவிடும்: மூக்குக்குள், சைனஸ்களுக்குள், கன்னத்தின் பின்புறம், கண்குழி, சில சமயம் மண்டையோட்டின் அடித்தளம் வரைக்கும்.

வேறு பெரும்பாலான கட்டிகளில் ஒரு துணுக்கை வெட்டி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவது வழக்கம். இங்கே அதைச் செய்யக் கூடாது. நம் உடலின் தமனி அறுபட்டால் அதன் சுவரிலுள்ள தசை உடனே சுருங்கி, ரத்தப்போக்கைக் குறைக்கும். இந்தக் கட்டிக்குள் இருக்கும் குழாய்கள் பலவற்றில் அந்தத் தசை இல்லை, அல்லது அரைகுறையாகவே இருக்கிறது. அறுபட்டால் அவை சுருங்கத் தெரியாமல் திறந்தே கிடக்கும். சாதாரண மூக்குச்சதை என்று எண்ணி ஒரு துணுக்கைக் கிள்ளினாலும், உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு ரத்தம் போகலாம். அதனால், கத்தி செய்ய வேண்டிய வேலையை இங்கே படங்கள் செய்கின்றன.

முதல் படம் சி.டி. ஸ்கேன். எலும்பைத் துல்லியமாகக் காட்டுவது அதன் பலம். கட்டி முளைக்கும் அந்தச் சிறு வாசல் விரிந்திருக்கிறதா, அதை அடுத்து கன்ன சைனஸுக்குப் பின்னால் உள்ள குறுகிய இடைவெளி அகன்றிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அங்கே கட்டி வளர வளர, கன்ன சைனஸின் பின்சுவரை முன்னோக்கித் தள்ளும். மெதுவாக வளரும் கட்டி என்பதால் எலும்பு நொறுங்காது. காற்றில் உப்பிய பாய்மரத் துணிபோல முன்பக்கம் வளையும். இதை ஹோல்மன்-மில்லர் அடையாளம் என்கிறார்கள். அந்த இருவரும் 1965-ல் இதை எழுதியபோது சி.டி. ஸ்கேனே கிடையாது. உலகின் முதல் நோயாளிக்கு லண்டனில் சி.டி. எடுக்கப்பட்டது 1971-ல்தான். சாதாரண எக்ஸ்ரேயின் மங்கலான நிழல்களிலேயே அவர்கள் அந்த வளைவைக் கண்டுகொண்டார்கள். மெதுவாக வளரும் வேறு கட்டிகளாலும் அந்தச் சுவர் வளையலாம். ஆகவே இந்த ஓர் அடையாளத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வருவதில்லை.

ரத்தக்குழாயில் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுத்தால் படம் இன்னும் தெளிவாகப் பேசும். ரத்தம் நிறைந்த இந்தக் கட்டி மருந்தை வாரிக் குடித்துப் பளிச்சென்று வெளுக்கும். சாதாரண மூக்குச்சதையில் உள்ளே நீர்க்கோர்வைதான் அதிகம். அதன் ஓரம் மட்டும் கோடாகத் தெரியும், நடுப்பகுதி மங்கியே கிடக்கும்.

இரண்டாவது எம்.ஆர்.ஐ. காந்தப்புலத்தில் கிடக்கும் உடலுக்குள் ரேடியோ அலைகளை அனுப்பி, திசுக்கள் திருப்பித் தரும் சமிக்ஞையைப் பிடித்துப் படமாக்கும் கருவி இது. வேகமாக ஓடும் ரத்தம், சமிக்ஞையைத் தருவதற்குள் அந்த இடத்தை விட்டுப் போய்விடுகிறது. அதனால் பெரிய குழாய்கள் கறுப்புப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் பதிகின்றன. வெளுத்த திசுவின் நடுவே இந்தக் கருமை சிதறிக் கிடப்பதை, உப்பும் மிளகும் தூவியது போல என்று கதிரியக்க மருத்துவர்கள் வருணிப்பார்கள். சைனஸில் இருப்பது கட்டியா, அடைப்பால் தேங்கிய சளியா என்று பிரித்துச் சொல்வதும் எம்.ஆர்.ஐ.தான். கட்டி கண்ணையோ மூளையின் உறையையோ எட்டியிருக்கிறதா, மண்டையோட்டு எலும்பின் மஜ்ஜைக்குள் வேர்விட்டிருக்கிறதா என்பதையும் அது காட்டும். இந்தக் கடைசித் தகவலை அறுவை மருத்துவர் தவறவிடவே கூடாது. மஜ்ஜைக்குள் மிஞ்சிய துளியிலிருந்து கட்டி மீண்டும் தலைதூக்கும்.

மூன்றாவது ஆஞ்சியோகிராம். லிஸ்பனில் ஈகாஸ் மோனிஸ் 1927-ல் மூளை ரத்தக்குழாய்களை முதன்முதலாகப் படம்பிடித்துக் காட்டியதன் வழித்தோன்றல் இது. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைக் கழுத்துவரை கொண்டுபோய் மருந்தைச் செலுத்துவார்கள். மருந்துக்கு முன் எடுத்த படத்தைப் பின் எடுத்த படத்திலிருந்து கணினி கழித்துவிடும். எலும்பெல்லாம் மறைந்து, ரத்தக்குழாய்கள் மட்டும் இலை உதிர்ந்த மரக்கிளைகள் போலத் திரையில் நிற்கும். கட்டிக்கு ரத்தம் ஊட்டும் தமனி எது என்று அப்போது வெளிச்சமாகும். பெரும்பாலும் அது மேல்தாடைத் தமனி.

இங்கே படம் எடுப்பதே வைத்தியமாகவும் மாறுகிறது. அதே குழாய் வழியாக நுண்துகள்களை அனுப்பி, கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைப்பார்கள். இதற்கு எம்போலைசேஷன் என்று பெயர். அறுவை சிகிச்சை பெரும்பாலும் அடுத்த 1 முதல் 3 நாட்களுக்குள் நடக்கும். காலம் தாழ்த்தினால் ரத்தம் வேறு வழி தேடிக்கொள்ளும். துகள் தவறிப்போய்க் கண்ணுக்குப் போகும் தமனியில் அடைத்தால் பார்வையே பறிபோகலாம். அதனால் ஒவ்வொரு கிளையையும் படத்தில் சரிபார்த்த பிறகே துகளை விடுவார்கள். இப்படி ரத்தம் வற்றவைத்த கட்டியை, இன்று பல பிள்ளைகளுக்கு முகத்தில் தழும்பின்றி எண்டோஸ்கோப் மூலம் மூக்கு வழியாகவே எடுத்துவிட முடிகிறது. எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து நோயை உறுதிசெய்வது அதற்குப் பிறகுதான்.

இத்தனை கருவிகளும் வேலையைத் தொடங்க வீட்டிலிருந்து ஒரு செய்தி போக வேண்டும். எந்தப் பக்க மூக்கு, எத்தனை மாதமாக அடைப்பு, எத்தனை முறை ரத்தம் என்று பெற்றோர் கவனித்துச் சொல்லும் செய்தி அது. இரு பக்கமும் மாறி மாறி அடைப்பது சளிக்கு இயல்பு. அடைப்பும் ரத்தமும் ஒரே பக்கத்தை விட்டு நகரவில்லை என்றால் அதை உடம்புச் சூட்டின் கணக்கில் எழுதிவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். துணுக்கு எடுப்பதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவது அந்தச் சொல்லிலிருந்துதான்.