வேங்கிக்காலுக்கு வந்த கிளிமீன்

தவக்கால வெள்ளியன்று காலையில் மீன்கூடை தெருமுனைக்கு வந்துவிட்டால், வேங்கிக்காலில் நம் வீட்டார் பாத்திரத்துடன் விரைவது வழக்கம். கடலோ இங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவு. சென்ற தவக்காலத்தில் ஒரு நாள், பனிக்கட்டிகளுக்கிடையே பச்சையும் நீலமுமாய் ஒரு மீன் கிடந்தது. வாய் கிளியின் அலகைப் போன்றிருந்தது. "கிளிமீனுங்க ஐயா, கீழக்கரைப் பக்கத்துச் சரக்கு" என்றார் மீன்காரர். பிள்ளைகள் வியந்து நின்றனர். நாமோ வாங்கிப் பொரித்து உண்டோம்.

அந்த அலகு வெறும் அழகுக்கு அமைந்ததன்று. பவளப்பாறைமேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்பது கிளிமீனின் இயல்பு. பாசி மண்டிவிட்டால் இளம் பவள உயிர்கள் பற்றிக்கொள்ள இடமிராது. மீனுக்குப் பாறை வீடு. பாறைக்கு மீன் தோட்டி.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாய் அமைந்திருந்தன. அவற்றைச் சூழ்ந்தவை பவளப்பாறைகள். பார்வைக்குக் கல்லாயினும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுயிர்கள் கடல்நீரின் சுண்ணாம்பால் கட்டிய மாளிகைகள் அவை. உருண்டு திரண்ட வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. அவற்றையன்றோ கடப்பாரையால் பெயர்த்து, படகு படகாகக் கரைசேர்த்தார்கள்! காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினர். கட்டடக் கல்லாகவும் விற்றனர். அலையைத் தடுத்த அரண் தகர்ந்தது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீருக்குள் மறைந்தன.

1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. அதன் பின்னரே கல்லெடுப்பு மெல்ல ஓய்ந்தது. கல்லெடுத்தவர்மேல் முழுப் பழியையும் சுமத்த நமக்கு மனம் வரவில்லை. அவர் கூலிக்கு மூழ்கினார். சுண்ணாம்பு கேட்டவர்கள் கரையில் இருந்தார்கள். நம் சுவருக்குப் பூசிய சுண்ணாம்பு எங்கிருந்து வந்ததென்று நாமும் கேட்டதில்லை. பூங்காவின் கட்டுப்பாடுகள் இறுகியபோது, தீவுகளில் கடற்பாசி சேகரித்துப் பிழைத்த பெண்களும் இடருற்றனர்.

கடப்பாரை ஓய்ந்தபின் வெப்பம் வந்தது. கடல்நீர் சூடேறியதால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் வெளிறி, பல மடிந்தன.

ஆயினும் ஆறுதலான செய்தியும் உண்டு. தூத்துக்குடிக்கு அருகே தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றி, 2015 முதல் சிமெண்டுக் கான்கிரீட்டாலான செயற்கைப் பாறைகளை இறக்கினர். தமிழக அரசின் இம்முயற்சியில் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தாரும் பங்கேற்றனர். அலையின் வேகம் தணிந்தது. அப்பாறைகளிலேயே பவள உயிர்கள் பற்றி வளரத் தொடங்கின, மீன்களும் குடிவந்தன.

அண்மையில் மீன்காரர் வந்தபோது, "அந்தப் பச்சை மீன் எங்கே?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். "அது எப்போதாவதுதான் வரும், கண்ணு" என்றார் அவர். அன்று நாம் மத்தி வாங்கினோம்.