வாயடைத்த பிள்ளையும் கிரேயான் பெட்டியும்

2004 டிசம்பர் 26 காலை சுனாமியாகக் கடல் பொங்கி வந்தபோது, புதுச்சேரி கடற்கரைச் சாலையைக் கருங்கல் அணை காத்து நின்றது. தெற்கே வீராம்பட்டினம் போன்ற மீனவர் ஊர்களுக்கு அப்படியொரு காப்பு இல்லை. பிறகு தமிழகக் கடலோர முகாம்களில் பிள்ளைகளுக்குத் தாளும் கிரேயானும் கொடுத்தார்கள். கேட்டால் வாய் திறக்காத பிள்ளைகள் அலையை வரைந்தார்கள், தென்னைக்கும் மேலே எழும் அலையை.

வாய் மறுத்ததைக் கை எப்படிச் செய்கிறது?

மூளையின் இடப்பக்க முன்பகுதியில் பேச்சை உருவாக்கும் ஓர் இடம் உண்டு. 1861இல் பாரிஸ் மருத்துவர் போல் புரோக்கா கண்டறிந்தது. 1996இல் பாஸ்டனில், பேரதிர்ச்சிக்கு ஆளான எட்டுப் பேருக்கு அவரவர் அனுபவத்தையே ஒலிநாடாவில் கேட்கவைத்து மூளையைப் படம்பிடித்தார்கள். அச்சம் தொடர்பான பகுதிகளும் பார்வைப் பகுதியும் விழித்துக்கொண்டன. புரோக்காவின் இடமோ மங்கியது. எட்டே பேர், அதுவும் பெரியவர்கள். ஆனாலும் பயத்தில் 'வாயடைத்துப்போச்சு' என்று நம் பாட்டிகள் சொன்னதை இனி வெறும் பேச்சு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அச்சம் முதலில் காட்சியாகத்தான் தங்குகிறது போலும்.

படம் பேச்சையும் இழுத்து வருகிறது. நியூசிலாந்தில் 1998இல் வெளியான ஆய்வில், 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் அவர்கள் மகிழ்ந்த, பயந்த, வருந்திய பொழுதுகளைப் பற்றிக் கேட்டார்கள். வரைந்துகொண்டே சொன்ன பிள்ளைகள், சும்மா உட்கார்ந்து சொன்னவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு விவரம் சொன்னார்கள். ஒரு படகை வரைந்தால் அதில் யார் இருந்தார் என்பது தானாக நினைவுக்கு வரும். கண் தாளில் இருக்கும்; எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியதும் இல்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கறுப்பு தீட்டினால் சோகம், கதவில்லாத வீடு என்றால் தனிமை என்று ஜாதகம் பார்ப்பதுபோல் படம் பார்ப்பது தவறு. பெட்டியில் கறுப்பு மட்டும் மிஞ்சியிருக்கலாம். "இது என்ன கண்ணு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பவரே நல்ல ஓவியச் சிகிச்சையாளர். மதிப்பெண் கிடையாது, 'அழகா வரை' என்ற திருத்தமும் கிடையாது. ஓவிய வகுப்பிலிருந்து ஓவியச் சிகிச்சை விலகுவது இங்கேதான்.

வரைவதில் இன்னொன்றும் நடக்கிறது. தென்னையைத் தாண்டிய அலையும் ஒரு தாளுக்குள் அடங்கியே ஆக வேண்டும். பிள்ளை அதை மடிக்கலாம், கிழிக்கலாம், மேலே ஒரு சூரியனை வைக்கலாம். கடல் அன்று கேட்கவில்லை, தாள் கேட்கிறது.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் பெரியவர்களின் கையும் வாய் மறுத்ததைச் செய்து பார்த்தது. ஆரோவிலில் உமா பிரஜாபதியின் உபாசனா ஆடை நிறுவனம், 2005இல் மீனவப் பெண்களுக்கு வெட்டி மிஞ்சிய துணித்துண்டுகளைக் கொடுத்தது. அவர்கள் குட்டிக் குட்டிப் பொம்மைகள் செய்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, துணியைச் சுற்றி, லட்சக்கணக்கில். அவை விலைக்கு அல்ல, அன்பளிப்பாகவே ஊர் ஊராகப் போயின. விரலளவுப் பொம்மைக்குப் பெயர் சுனாமிகா.