பக்கத்துத் தெருவைப் படிப்பது

காவிரிப் படுகையில் ஒரே வாய்க்கால் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்றவர்கள் ஒரே வாழ்க்கையை வாழ்ந்ததில்லை. மிராசுதார், குத்தகைதாரர், பண்ணையாள் என நிலத்தோடு ஒருவருக்கு இருந்த உறவுதான் அவர் குடியிருக்கும் தெருவையும் உண்ணும் சோற்றையும் பிள்ளையின் படிப்பையும் தீர்மானித்தது. அப்படிப்பட்ட ஊர்களிலிருந்து படிக்கப்போன பிள்ளைகளிடம், ஊருக்குத் திரும்பிப்போய் அங்குள்ளவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று விசாரித்து எழுதச் சொன்ன முயற்சி ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நடந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக 1915இல் நியமிக்கப்பட்டவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அதற்கு முன் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்கென நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். கிராமங்களைப் புத்தகத்தில் படிப்பதைவிட நேரில் விசாரிப்பதே மேல் என்று கருதிய அவர், நிலம், சாகுபடி, கூலி, கடன் பற்றிய வினாப்பட்டியலை மாணவர்கள் கையில் கொடுத்தார். அவர்கள் எழுதிவந்தவை 1918இல் ஆங்கில நூலாக வெளிவந்தன. அன்றைய தஞ்சை மாவட்டத்திலிருந்து அதில் இடம்பெற்ற ஊர் பாலக்குறிச்சி. இன்று அது நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது.

ஸ்லேட்டரின் நோக்கம் பொருளாதார ஆய்வுதான். இருந்தாலும், ஒருவருக்குக் கூலி எத்தனை படி நெல், அது எத்தனை நாளைக்கு வரும், பற்றாததற்கு எங்கே கடன் வாங்குகிறார் என்று கேட்டு எழுதுகிற மாணவனுக்கு அவர் அதன்பின் வெறும் ‘கூலிக்காரர்’ அல்ல. அந்த மாணவர்களில் பண்ணையாள் வீட்டுப் பிள்ளை யாரும் அநேகமாக இருந்திருக்க மாட்டார் என்பதையும் மறக்கக் கூடாது. கேட்டவர் ஒரு தெரு, பதில் சொன்னவர் இன்னொரு தெரு.

பாலக்குறிச்சி இருக்கும் அதே நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான் கீழவெண்மணியும் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு அங்கே கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். வகுப்பில் இந்த எண்ணிக்கையை மட்டும் சொன்னால் மாணவர்கள் பரிதாபப்படுவார்கள், அதோடு நின்றுவிடும். 1952இல் தஞ்சைக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது ஏன், நெல்லாக அளந்த கூலியில் ஒரு படி கூடினாலோ குறைந்தாலோ ஓர் அடுப்பில் என்ன மாறும், தொழிலாளர்கள் சங்கத்தில் சேர்ந்ததற்கு மிராசுதார்களுக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் என்று கேட்கும்போதுதான் அந்த மனிதர்களின் நிலை புரியத் தொடங்கும். பிறர் துன்பத்தைக் கண்டு கலங்குவது வேறு, அவர் இருக்கும் இடத்திலிருந்து உலகைப் பார்ப்பது வேறு என்று உளவியலாளர்கள் பிரித்துச் சொல்வதும் இதைத்தான். முன்னது தானாக வரக்கூடும். பின்னதற்குத் தகவல் வேண்டும்.

தகவல் திரட்டும் பயிற்சி இன்றும் டெல்டாவில் நடக்கிறது. இறுதியாண்டு வேளாண் மாணவர்கள் கிராமங்களில் தங்கிப் பயிலும் திட்டத்தில் ‘பங்கேற்பு ஊரக மதிப்பீடு’ ஒரு பகுதி. 1980களின் பிற்பகுதியில் உருவெடுத்த இந்த முறையை உலகெங்கும் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ராபர்ட் சேம்பர்ஸ். இதில் மாணவர் நோட்டை மூடிவைத்துவிட்டுத் தரையில் உட்கார வேண்டும். கோலப்பொடியும் புளியங்கொட்டையும் ஊராரின் கையில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடக் கோயிலை, குளத்தை, சுடுகாட்டுப் பாதையைத் தரையில் வரைந்து காட்டுவார்.

இந்த முறையில் அதிகம் கற்றுத் தருவது பருவ நாட்காட்டிதான். பன்னிரண்டு மாதங்களுக்கும் கட்டம் போட்டு, வேலை கிடைக்கும் மாதத்தில் கொட்டைகளைக் கூட்டியும் கிடைக்காத மாதத்தில் குறைத்தும் வைப்பார்கள். மேட்டூர் அணை ஜூன் 12 வாக்கில் திறந்தால் குறுவை நடவு; பிறகு சம்பா, தாளடி; தை, மாசியில் அறுவடை, அதுவும் பெரும்பாலும் இயந்திரத்தில். உளுந்தும் பயறும் எடுத்து முடித்த பின் சித்திரை, வைகாசிக் கட்டங்களில் கொட்டை இருக்காது. அங்கே அரசின் ஊரக வேலைத் திட்டமும் அடகுக்கடையும் திருப்பூர் பஸ்ஸும் வந்து சேரும். விளைச்சல் அட்டவணையை மனப்பாடம் செய்த மாணவருக்கு அந்த வெற்றுக் கட்டங்கள் புதுப் பாடம்.

சேற்றில் இறங்கி நாலு நாற்று நட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு கரையேறுவதும் இதே பயிற்சியின் பெயரில் நடக்கக்கூடியதுதான். வெறும் சந்திப்பு முன்தீர்ப்பைக் குறைத்துவிடாது என்று 1954லேயே எழுதினார் அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட். இரு தரப்பும் சமமாக நிற்க வேண்டும். பொதுவான ஒரு வேலையைச் சேர்ந்து செய்ய வேண்டும். நிறுவனம் அதற்குத் துணை நிற்க வேண்டும். நடவு நடும் பெண் ஆசிரியராகவும் மாணவர் கற்றுக்கொள்பவராகவும் நிற்கும் வயலில் இதற்கு வாய்ப்பு உண்டு.

நேரில் போக முடியாத இடத்துக்கு நாவல் போகும். திருவாரூர்ப் பகுதியைச் சேர்ந்த சு. தமிழ்ச்செல்வியின் ‘அளம்’ வேதாரண்யம் பக்கத்து உப்பளப் பெண்களையும், ‘கீதாரி’ ஆட்டுக்கிடையோடு ஊர் ஊராகப் போகும் இடையர்களையும் உள்ளிருந்து காட்டுகின்றன. அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டிருப்பதைப் பார்த்தே வளர்ந்த டெல்டாப் பிள்ளைக்கும், அந்த ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை எங்கே படிக்கிறது என்ற கேள்வி எழுந்திருக்காது.

பள்ளியைப் பொறுத்தவரை, வேறு வாழ்க்கையைத் தேடி வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. அது அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. நாங்குநேரியில் 2023இல் ஒரு மாணவர் சக மாணவர்களால் வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும், மாணவர்களை அகர வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. பக்கத்தில் உட்காரவைப்பது முதல் படி. ஆல்போர்ட் சொன்ன பொதுவான வேலையும் வேண்டும்: ஒரே பெஞ்சில் இருக்கும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளையும் கூலி வீட்டுப் பிள்ளையும் தத்தம் வீட்டுப் பருவ நாட்காட்டியைப் போட்டு, இரண்டையும் அருகருகே வைத்து, சித்திரைக் கட்டம் ஏன் இப்படி இருக்கிறது என்று ஒருவரையொருவர் கேட்டு எழுதுவது போல.